விக்டோரியாவை விட்டுவிடுங்கள்

ஸ்பைஸ் கேர்ள்ஸ் ஐவரும் மறுபடி எப்போது ஒரே மேடையில் ஏறுவார்கள் என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கும் ரசிகர்களுக்கு,



உங்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியிருப்பீர்கள். தெருத்தெருவாகக் கேபிள் கம்பி இழுக்கப்பட்ட தொண்ணூறுகளில், மடியில் வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு எம்டிவியையும் சேனல் வியையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் நீங்கள். சிறுத்தைத் தோல் அச்சுப் போட்ட உடை, இரட்டைக் குடுமி, ஓட்டப்பந்தயத்துக்குப் புறப்பட்டது போன்ற கால்சட்டை, பிரிட்டிஷ் கொடி போட்ட குட்டைக் கவுன், சிரிக்காத முகத்துடன் ஒரு கறுப்பு உடை. இந்த ஐந்தில் யார் யாருக்கு எது என்று தோழிகளுக்குள் பாகப்பிரிவினை நடத்தியவர்களும் உங்களில் இருப்பார்கள்.

அந்த ஐவரில் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தால் போதும், கேட்கத் தொடங்கிவிடுகிறீர்கள். மெல் பி ஏதாவது நேர்காணலில் கண்சிமிட்டினால், சுற்றுப்பயணத் தேதியே வந்துவிட்டதாக நம்பிவிடுகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றானதும் பழி ஒரே தலையில் போய் விழுகிறது. விக்டோரியா பெக்கம் மட்டும் மனசு வைத்தால் எல்லாம் நடக்குமாம். இந்த மடல் அந்த ‘மட்டும்’ பற்றியது.

முதலில் ஒரு கணக்கு. அவர்களுடைய முதல் சிங்கிள் ‘வானபி’ பிரிட்டனில் வெளிவந்த நாள் 1996 ஜூலை 8. ஐவரில் ஒருவரான ஜெரி ஹாலிவெல் விலகிவிட்டதாக அறிவிப்பு வந்த நாள் 1998 மே 31. ஆக, உலகம் அறிந்த ஐவர் குழுவின் ஆயுள் முழுசாக 23 மாதம்கூடக் கிடையாது. நம் ஊரில் ஒரு மேம்பாலத்துக்குத் தூண் எழும்பவே அவ்வளவு நாள் ஆகும். அதற்குள் அவர்கள் வெளியிட்ட முதல் ஆறு சிங்கிள்களும் பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடத்துக்குப் போய்விட்டன. இரண்டு ஆல்பங்கள், ஒரு முழுநீளப் படம், பெப்சி முதல் உருளைக்கிழங்கு வறுவல் வரை விளம்பரங்கள், ஒரு உலகச் சுற்றுப்பயணத்தின் பாதி. அதற்குப் பிறகு ஐவரும் சேர்ந்து மேடையில் நின்ற காலத்தைக் கூட்டினால், 2007-08இல் சில மாதங்களும் 2012இல் ஓர் இரவின் சில நிமிடங்களும்தான் தேறும். நீங்கள் காத்திருந்த காலம் அவர்கள் சேர்ந்திருந்த காலத்தைப் போலப் பல மடங்கு.

குழு உருவான கதை உங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் அதில் ஒரு சின்ன இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1994இல் ‘தி ஸ்டேஜ்’ என்ற நாடகத் தொழில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. பாடவும் ஆடவும் தெரிந்த, துடிப்பான, 18 முதல் 23 வயதுக்குட்பட்ட பெண்கள் தேவை என்று அதைக் கொடுத்தவர்கள் பாப் ஹெர்பர்ட், கிறிஸ் ஹெர்பர்ட் என்ற தந்தையும் மகனும். லண்டனில் நடந்த தேர்வுக்குச் சுமார் 400 பேர் வந்தார்கள். ஜெரி அந்த முதல் தேர்வுக்கே வரவில்லை. லிவர்பூல் பக்கத்துப் பெண்ணான மெலனி சிஷோம் வந்தார், ஆனால் தொண்டையில் டான்சில் வீங்கி இரண்டாவது சுற்றுக்குப் போக முடியவில்லை. தேர்வான வேறொரு பெண்ணை மாற்ற வேண்டி வந்தபோதுதான் அவருக்கு அழைப்பு போயிற்று. சில மாதங்களில் மிஷெல் ஸ்டீவன்சன் விலக, அந்த இடத்துக்கு எம்மா பன்டன் வந்தார். மெய்டன்ஹெட் ஊரில் ஒரு வீட்டில் ஐவரும் ஒன்றாகத் தங்கிப் பயிற்சி எடுத்தார்கள். பிறகு 1995இல், தங்களைச் சேர்த்து வைத்த ஹெர்பர்ட்களிடமிருந்தே கழன்றுகொண்டு சைமன் ஃபுல்லரிடம் போனார்கள்.

சிஷோமுக்கு வந்த அந்தத் தொண்டை வலியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மடலின் பிற்பகுதியில் தேவைப்படும்.

ஐவரும் ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்தார்கள். பாட்டு எழுதுவதில் யார் எவ்வளவு பங்களித்தாலும் ஐந்து பெயரும் போகும், வருமானமும் சமமாகப் பிரியும். பாப் உலகில் இது அபூர்வம். ஒருவர் எழுதி மற்றவர் பாடும் குழுக்களில், எழுதியவரின் வங்கிக் கணக்கு மட்டும் வருடா வருடம் கொழுப்பதும், அதை வைத்தே குழு உடைவதும் வாடிக்கை. இவர்கள் அந்தச் சண்டைக்கு முன்கூட்டியே பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

பணம் சமமாகப் பிரிந்தது. பாட்டின் வரிகள் அப்படிப் பிரியவில்லை. ‘வானபி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட் ரோ, ரிச்சர்ட் ஸ்டன்னார்ட் இருவருடன் சேர்ந்து அந்தப் பாடல் எழுதப்பட்டபோது விக்டோரியா பெரும்பாலும் அங்கே இல்லை. செல்போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன் யோசனையைச் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். மற்ற நால்வரும் வரிகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தப் பாடலில் விக்டோரியா தனியாகப் பாடும் வரி ஒன்றுகூடக் கிடையாது. சேர்ந்து பாடும் இடங்களில் மட்டும் அவர் குரல் கலந்திருக்கும்.

2014இல் மான்செஸ்டரின் அறிவியல் அருங்காட்சியகம் ஒரு சோதனை நடத்தியது. பிரபலமான பாடல்களின் துணுக்குகளைப் போட்டுக் காட்டி, மக்கள் எதை விரைவில் அடையாளம் காண்கிறார்கள் என்று பார்த்தது. முதலிடம் ‘வானபி’க்கு, சராசரியாக 2.29 விநாடி. எந்தப் பாட்டை ஐவரும் சேர்ந்து பாடிக் கேட்காமல் கண் மூட மாட்டேன் என்கிறீர்களோ, அந்தப் பாட்டில் ஐந்தாமவருக்குச் சொந்த வரியே இல்லை என்பதை நீங்கள் இத்தனை நாள் கவனித்தீர்களா?

பட்டப்பெயர்கள் இதை மறைத்துவிட்டன. 1996இல் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ இதழைச் சேர்ந்த பீட்டர் லொரெய்ன் வைத்த ஸ்கேரி, ஸ்போர்ட்டி, பேபி, ஜிஞ்சர், போஷ் என்ற பெயர்கள் ஐவரையும் ஒரே உயரத்துக்கு ஐந்து டப்பாக்களாக அடுக்கிவிட்டன. நம் அஞ்சறைப் பெட்டி மாதிரிதான். திறந்து பார்க்கிறவருக்குச் சீரகமும் கடுகும் ஒரே அளவுக் கிண்ணத்தில் இருக்கும். குழம்பில் எது எவ்வளவு விழுகிறது என்பது சமைக்கிறவருக்குத்தான் தெரியும்.

இந்தக் குழம்பில் காரம் யார் என்று கேட்டால், கடைசிப் பல்லவிகளில் மற்றவர்கள் தலைக்கு மேலே ஏறிச் சுழலும் குரலைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது மெலனி சிஷோம், அதாவது மெல் சி. பிரிட் விருது மேடையில் 1997இல் ஜெரி போட்ட கொடிக் கவுனைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். கூச்சி நிறுவனத்தின் கறுப்பு உடையின் மேல் பாத்திரம் துடைக்கும் துண்டு ஒன்றை அவருடைய அக்கா தைத்துக் கொடுத்தது அது. மறு வருடம் ஏலத்தில் 41,320 பவுண்டுக்குப் போனது. மெல் சியின் குரலைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை. விளையாட்டு உடையில் பல்டி அடிப்பவர் என்ற பெயரோடு நின்றுவிட்டது.

ஜெரி போன பிறகு குழு நின்றுவிடவில்லை என்பதையும் மறந்துவிடுகிறீர்கள். 1998 கோடையில் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை நால்வரும் முடித்தார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸ் வாரத்தில் ‘குட்பை’ முதலிடத்துக்கு வந்தது, தொடர்ந்து மூன்றாவது கிறிஸ்துமஸ். 2000 நவம்பரில் ‘ஃபாரெவர்’ ஆல்பம் வந்தது. அதே நாளில் வெளியான வெஸ்ட்லைஃப் ஆல்பம் முந்திக்கொள்ள, இது இரண்டாமிடத்தில் நின்றது. அதற்குப் பின் ஆளுக்கொரு திசை. நால்வர் ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்பது விக்டோரியா இல்லாத 2019 சுற்றுப்பயணத்தில் பிறந்த குறை அல்ல, அதற்கு 1998லிருந்தே வரலாறு உண்டு. அப்போது இல்லாதவர் ஜெரி.

இனி தனிப்பாதைகள். முதலில் முதலிடம் தொட்டவர் மெல் பி. 1998 செப்டம்பரில், குழுவில் இருக்கும்போதே, மிஸ்ஸி எலியட்டுடன் ‘ஐ வான்ட் யூ பேக்’. ஆனால் 2000இல் வந்த அவருடைய ‘ஹாட்’ ஆல்பம் ஓடவில்லை, நிறுவனம் கைவிட்டது. பிறகு அவர் தொலைக்காட்சிக்காரர் ஆனார். அமெரிக்காவின் நடனப் போட்டியில் 2007இல் இரண்டாமிடம், ‘அமெரிக்காஸ் காட் டேலன்ட்’ நடுவர் நாற்காலியில் பல வருடம். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக வேலை செய்ததற்கு 2022இல் எம்பிஇ விருது வாங்கினார். எம்மாவுக்கு 2001 ஏப்ரலில் ஒரு முதலிடம், பிறகு அறுபதுகளின் வாசனை வீசும் ஒரு நல்ல ஆல்பம், அப்புறம் லண்டன் வானொலியில் நிதானமான வாழ்க்கை. புகார் சொல்ல ஒன்றுமில்லை.

ஜெரிதான் தரவரிசையில் பெரிய கை. 1999லிருந்து 2001க்குள் நான்கு முதலிடங்கள். அதில் ஒன்றுக்காக எம்மாவுடனேயே மோதினார். 1999 நவம்பரில் இருவர் பாட்டும் ஒரே நாளில் வெளிவந்தது, செய்தித்தாள்கள் அதைக் குஸ்தியாக்கின, ஜெரி முதலாவதும் எம்மா இரண்டாவதுமாக வந்தார்கள். நட்பைப் பாடிப் புகழ் பெற்றவர்கள் விற்பனைக் கணக்கில் மல்லுக்கு நின்றதைப் பார்த்து அன்று மனம் உடைந்தவர்கள் உங்களில் இருக்கலாம். வியாபாரம் அப்படித்தான். ஆனால் அந்த நான்கில் கடைசியான ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ ஏற்கெனவே வேறு குழு பாடிப் பிரபலமாக்கியது. ஜெரியின் பாடல்களில் குரலைவிட ஜெரிதான் அதிகம் இருந்தார் என்பது இதை எழுதுபவரின் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

மெல் சியின் கதை வேறு. அவருடைய ‘நார்தர்ன் ஸ்டார்’ 1999இல் வந்தபோது, பாப் குழுவிலிருந்து வந்தவளுக்கு ராக் எதற்கு என்று கேலி செய்தார்கள். ரிக் ரூபினும் வில்லியம் ஆர்பிட்டும் அதில் சில பாடல்களைத் தயாரித்திருந்தார்கள். மெதுவாக ஏறிய ஆல்பம் அது. டிஎல்சி குழுவின் லிசா லோபஸுடன் பாடிய ‘நெவர் பி தி சேம் அகெய்ன்’ 2000 மார்ச்சில் முதலிடம், சில மாதத்தில் ‘ஐ டர்ன் டு யூ’வும் முதலிடம். அதற்கும் முன்பே பிரையன் ஆடம்ஸுடன் பாடிய ‘வென் யூ ஆர் கான்’ பிரிட்டனில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. இத்தனைக்கும் நடுவே அவர் உடல் மெலிந்து, உணவோடு சண்டை போட்டு, மன அழுத்தத்தில் சிக்கியிருந்தார். 2022இல் வெளியிட்ட தன் நூலில் இதை அவரே விரிவாக எழுதியிருக்கிறார்.

அவர் சொன்ன ஒரு விஷயம் இங்கே பொருத்தம். ‘வானபி’ வெளிவரும் முன்பே, 1996 பிரிட் விருது இரவில் விக்டோரியாவுடன் ஒரு சில்லறைத் தகராறு. இன்னொரு தடவை இப்படி நடந்தால் குழுவில் இருக்க மாட்டாய் என்று மெல் சிக்கு எச்சரிக்கை வந்தது. அன்றிலிருந்து தன்னை இறுக்கிக் கட்டுப்படுத்திக்கொண்டதாக அவர் நினைவுகூர்கிறார். டான்சிலால் நழுவவிருந்தவர் இரண்டாம் தடவையும் நழுவவிருந்தார்.

வர்ஜின் இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து விலகியதும் அவர் 2004இல் ‘ரெட் கேர்ள்’ என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். ‘ஃபர்ஸ்ட் டே ஆஃப் மை லைஃப்’ 2005இல் ஜெர்மனியில் முதலிடம் பிடித்தபோது லண்டன் பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு லண்டன் நாடக மேடைக்குப் போய் ‘பிளட் பிரதர்ஸ்’ இசை நாடகத்தில் தாயாக நடித்து, ஒலிவியே விருதுப் பரிந்துரை வரை போனார். ஐவரில் பாடுவதையே விடாப்பிடியான பிழைப்பாக வைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

விக்டோரியா? 2000 ஆகஸ்டில் ட்ரூ ஸ்டெப்பர்ஸுடன் வந்த ‘அவுட் ஆஃப் யுவர் மைண்ட்’ பாடலை, ஸ்பில்லரின் ‘க்ரூவ்ஜெட்’ தள்ளி இரண்டாவதாக்கியது. அதைப் பாடிய சோஃபி எல்லிஸ் பெக்ஸ்டரின் மிடுக்கு மேல்தட்டு மிடுக்கு என்பதால், நிஜப் போஷ் அவரா, அந்தப் பட்டப்பெயர் வாங்கிய விக்டோரியாவா என்று பத்திரிகைகள் பட்டிமன்றம் நடத்தின. மறு வருடம் தனிப் பெயரில் வந்த முதல் பாட்டுக்கு எதிரே நின்றது கைலி மினோக்கின் ‘கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்’. அந்தக் காலத்தில் அதன் எதிரே யார் நின்றாலும் அடிதான். விக்டோரியா ஆறாமிடம். 2004 தொடக்கத்தில் மூன்றாமிடம் வரை வந்த இன்னொரு பாட்டோடு கதை முடிந்தது. ஐவரில் தனியாக முதலிடம் காணாதவர் அவர் ஒருவரே. மற்ற நால்வரின் முதலிடங்களைக் கூட்டினால் எட்டு வரும். குழுவாகச் சேர்ந்திருந்தபோது வாங்கியது ஒன்பது.

2007 ஜூன் 28 அன்று லண்டன் ஓ2 அரங்கில் ஐவரும் வரிசையாக உட்கார்ந்து மறுசேர்க்கையை அறிவித்தார்கள். பின்னால் இருந்தவர் சைமன் ஃபுல்லர். 1997 நவம்பரில் இதே பெண்கள் வேலையை விட்டு அனுப்பிய அதே ஃபுல்லர்தான். இடையில் அவர் ‘பாப் ஐடல்’ நிகழ்ச்சியை உருவாக்கிப் பெரும் பணக்காரராகியிருந்தார். லண்டனின் முதல் நிகழ்ச்சிக்கான டிக்கெட்டுகள் 38 விநாடியில் தீர்ந்தன. ஒரு நாள் என்றது 17 நாளானது. வான்கூவரில் டிசம்பர் 2 அன்று தொடங்கி, டொராண்டோவில் 2008 பிப்ரவரி 26 அன்று முடிந்தது. பெய்ஜிங், ஹாங்காங், சிட்னி, கேப் டவுன், பியூனஸ் அயர்ஸ் என்று முதலில் சொல்லியிருந்த ஊர்கள் ரத்தாயின. ஆசியாவில் காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்.

அந்த நிகழ்ச்சியின் நடுவில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு துண்டு இருந்தது. மெல் சி ‘ஐ டர்ன் டு யூ’ பாடினார். ஜெரி மழையைப் பாடினார். எம்மா தன் ‘மேபி’யைப் பாடினார். மெல் பி லெனி கிராவிட்ஸின் ராக் பாட்டைப் பாடினார். விக்டோரியா பாடவே இல்லை. ஒலிபெருக்கியில் வேறு பாட்டு ஓட, ஆடையலங்கார அழகிபோல மேடையின் முனைவரை நடந்து, நின்று, பார்த்து, திரும்பினார். அரங்கம் அதிர்ந்தது. தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் அந்த நகைச்சுவை உணர்வு அவருடைய பெரிய பலம், சந்தேகமில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். உலகம் ஆவலோடு பார்த்த மறுசேர்க்கையில், தனக்குக் கிடைத்த ஒரே தனி நேரத்தை, தான் பாடகி இல்லை என்று சொல்லவே அவர் பயன்படுத்தினார். பதினேழு இரவும் லண்டனில் அதைக் கைதட்டி ரசித்த நீங்கள், அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

மறு செப்டம்பரிலேயே, 2008இல், நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் சொற்ப உடைகளை வைத்துத் தன் ஆடை நிறுவனத்தை அறிமுகம் செய்தார். வந்தவர்களுக்கு ஒவ்வொரு உடையின் தையலையும் தானே விளக்கினார். பாடகியின் பொழுதுபோக்கு என்று உதடு பிதுக்கியவர்கள், 2011இல் அது பிரிட்டனின் ஆண்டுச் சிறந்த ஆடை நிறுவனம் என்ற விருது வாங்கியபோது வாயை மூடிக்கொண்டார்கள். நிறுவனம் வருடக்கணக்கில் நட்டத்தில் ஓடியது என்பதும் உண்மை. 2025இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஆவணத் தொடரில் கடனில் தத்தளித்த நாட்களை அவரே பேசுகிறார். அந்த நட்டத்தைச் சரிசெய்ய அவருக்கு ஸ்பைஸ் கேர்ள்ஸ் மேடை ஒரு சுலபமான வழியாக இருந்திருக்கும். போகவில்லை.

மறுசேர்க்கையோடு வந்த புதுப் பாட்டு ‘ஹெட்லைன்ஸ்’ பதினோராவது இடத்தோடு நின்றதை யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதே அந்தப் பாட்டுக்கு மரியாதை.

2012 ஆகஸ்ட் 12, லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழா. ஐந்து கறுப்பு டாக்சிகளின் கூரைமேல் ஐவரும் நின்று அரங்கைச் சுற்றி வந்தார்கள். அந்த நிமிடத்தில் ட்விட்டரில் 1,16,000 பதிவுகள் விழுந்தன, அந்த ஒலிம்பிக்கிலேயே அதிகம். ஓடும் வண்டியின் கூரையில், குதிகால் செருப்பில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு விக்டோரியா முறைத்துப் பார்த்த காட்சிதான் பலருக்கும் நினைவில் நிற்கிறது. ஐவராக ரசிகர்கள்முன் பாடியது அதுவே கடைசி. அதே டிசம்பரில் அவர்கள் பாடல்களை வைத்து ‘விவா ஃபாரெவர்’ இசை நாடகம் தொடங்கியது. தயாரித்தவர் ‘மம்மா மியா’ புகழ் ஜூடி க்ரேமர், எழுதியவர் ஜெனிஃபர் சாண்டர்ஸ். முதல் காட்சிக்கு ஐவரும் வந்தார்கள். ஏழே மாதத்தில் திரை விழுந்தது, நட்டம் ஐம்பது லட்சம் பவுண்டு என்றார்கள். பாட்டு இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆனால் அந்தப் பெண்கள் இல்லை என்றால் ஓடாது என்று காட்டிய செலவு அது.

எந்தப் பெண் இல்லாவிட்டால் ஓடாது என்பது 2016இல் தெரிந்தது. ‘வானபி’யின் இருபதாம் ஆண்டு. ஜெரி, எம்மா, மெல் பி மூவரும் ஒரு காணொளியில் தோன்றி ஏதோ வரப்போகிறது என்றார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஜெம்’ என்று ஒரு பெயரும் அடிபட்டது. விக்டோரியா வரவில்லை, அது எதிர்பார்த்தது. மெல் சியும் மறுத்தார். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு பாட்டு கசிந்தது. கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். ஜெரி கர்ப்பமாக இருந்ததும் ஒரு காரணம்தான், ஆனால் திட்டம் அதற்கு முன்பே தள்ளாடிக்கொண்டிருந்தது. மேலே ஏறிச் சுழலும் குரல் இல்லாமல் மூவர் பாடினால் எப்படியிருக்கும் என்று அந்தக் கசிந்த பாட்டு அப்பட்டமாகக் காட்டிவிட்டது.

2019 சுற்றுப்பயணத்துக்கு மெல் சி ஒப்புக்கொண்டார். விக்டோரியா ஒப்புக்கொள்ளவில்லை. நால்வர், பதின்மூன்று காட்சிகள், எல்லாம் பெரிய மைதானங்கள். முதல் இரவு டப்ளினின் க்ரோக் பார்க்கில் ஒலி குழறி, பாட்டே புரியவில்லை என்று வந்தவர்கள் குமுறினார்கள். பிறகு சரியானது. வெம்ப்ளியில் மூன்று இரவு நடந்தது, கடைசி இரவில் கூட்டத்தோடு கூட்டமாக அடெல் நின்றிருந்தார். ஏறத்தாழ ஏழு லட்சம் டிக்கெட், 7.8 கோடி டாலர் வசூல். மூன்று பேராக ஒரு பாட்டைக்கூட வெளியிட முடியாதவர்கள், நான்காவதாக யார் வந்ததும் வெம்ப்ளியை மூன்று தடவை நிரப்பினார்கள் என்பதைப் பாருங்கள். அப்போதும் நீங்கள் கேட்டது விக்டோரியா எங்கே என்றுதான்.

மற்றக் குழுக்களையும் கொஞ்சம் பாருங்கள். லண்டனின் சுகபேப்ஸில் தொடங்கிய மூவரும் ஒவ்வொருவராக வெளியே போய், 2009 வாக்கில் தொடங்கியவர் ஒருவர்கூட இல்லாமல் அந்தப் பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூட்யா, கீஷா, ஷிவோன் திரும்பச் சேர்ந்தபோது தங்கள் பெயரையே பயன்படுத்த முடியாமல் மூன்று முதலெழுத்துகளில் பாட வேண்டி வந்தது. 2019இல்தான் பெயர் கைக்கு வந்தது. கேர்ள்ஸ் அலவுட் 2024இல் மேடையேறியபோது நால்வர். ஐந்தாமவரான சாரா ஹார்டிங் 2021இல் மார்பகப் புற்றுநோயில், 39 வயதில் இறந்துபோயிருந்தார். அங்கே ஓர் இடம் காலியாக இருந்ததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. ஸ்பைஸ் கேர்ள்ஸின் காலி இடத்துக்கு உரியவர் நலமாக இருக்கிறார், வேறு வேலை பார்க்கிறார், நல்ல நாளில் தோழிகளை விருந்துக்குக் கூப்பிடுகிறார்.

நம் பக்கத்திலும் ஒரு விவா இருந்தது, நினைவிருக்கிறதா? 2002இல் சேனல் வியின் ‘பாப்ஸ்டார்ஸ்’ போட்டியில் ஐந்து பெண்களைப் பொறுக்கி எடுத்துச் செய்த இந்திக் குழு. இரண்டு ஆல்பத்தோடு கலைந்தது. அவர்களில் ஒருவரான நேஹா பாசின்தான் பின்னர் ‘சத்தம் போடாதே’ படத்தில் யுவன் ஷங்கர் ராஜா இசையில் ‘பேசுகிறேன் பேசுகிறேன்’ பாடியவர். அந்தப் பாட்டைக் கேட்டு உருகிய தமிழர் எவரும், விவா ஏன் சேரவில்லை என்று கேட்டு அவரைக் குடைந்ததாகத் தெரியவில்லை. குழு கலைந்ததால் நமக்கு ஒரு நல்ல பாட்டு கிடைத்தது என்று எடுத்துக்கொண்டோம். விக்டோரியாவின் தையலையும் அப்படி எடுத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

2024 ஏப்ரலில் விக்டோரியாவின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில் ஐவரும் வரிசையில் நின்று ‘ஸ்டாப்’ பாட்டுக்கு ஆடினார்கள். அவர் கணவர் டேவிட் பெக்கம் செல்போனில் எடுத்துப் போட்ட அந்தச் சில விநாடிகளை நீங்கள் எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று கேட்கப்போவதில்லை. கையை முன்னால் நீட்டி நிறுத்துவது, சுழற்றுவது என்று 1998இன் அத்தனை அசைவும் அவர்களுக்கு மறக்கவில்லை. ஒலிவாங்கி யார் கையிலும் இல்லை. பாட்டு பதிவிலிருந்து ஓடியது. விக்டோரியா சிரித்துக்கொண்டிருந்தார், அந்தப் பழைய முறைப்பு கொஞ்சமும் இல்லை. முதல் ஆறு பாடல்களின் வெற்றி வரிசையை முறித்து இரண்டாமிடத்தோடு நின்றுபோன பாட்டு ‘ஸ்டாப்’ என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கள் விருந்துக்கு அவர்கள் அதைத்தான் போட்டார்கள்.

அடுத்த தடவை சுற்றுப்பயண அறிவிப்பு வந்தால் வரிசையில் நில்லுங்கள், டிக்கெட் வாங்குங்கள். சுவரொட்டியில் எத்தனை தலை என்று எண்ண வேண்டாம். மெல் சி இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
1997இல் அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவர்களில் ஒருவர்